என்ன காட்டினால் நம்புவீர்கள்?

கேள்வி: ஆவி, அற்புதம், பிரார்த்தனையின் சக்தி என எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிறீர்களே, அனுபவித்தவர்கள் எல்லாரும் பொய்யர்களா? என்ன காட்டினால் நம்புவீர்கள்?

பொய்யர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மோசடிக்காரரைப் பிடிக்கத் தேர்ந்த மேஜிக் கலைஞர் ஒருவர் போதும். மனமறிந்து பொய் சொல்லாதவர்கள் விஷயம்தான் சிக்கலானது.

1853இல் ஐரோப்பாவில் மேசை சுழற்றும் மோகம் பரவியிருந்தது. சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அதன்மேல் கைகளை வைப்பார்கள். சற்று நேரத்தில் மேசை நகரும். ஆவி என்றனர் சிலர், மின்சாரம் என்றனர் சிலர். இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே (ஆழ்ந்த மதப்பற்று உள்ளவர், நாத்திகர் அல்ல) கைகளுக்கும் மேசைக்கும் நடுவே அட்டைகளை அடுக்கி, இளகிய பசையால் லேசாக ஒட்டினார். மேசை தானாக நகர்ந்தால் கீழ் அட்டை முந்த வேண்டும். கை தள்ளினால் மேல் அட்டை முந்தும். மேல் அட்டைதான் முந்தியது. அடுத்து, கை தள்ளுவதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு நெம்புகோலை அவர்கள் கண்ணெதிரே வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த வரையில் மேசை அசையவே இல்லை. அதுவரை தள்ளியது தங்கள் கைதான் என்பது அவர்களுக்கே தெரியாது.

நோயாளியைத் தொடாமலே அவரது உடலைச் சுற்றியுள்ள ‘ஆற்றல் புலத்தை’ உள்ளங்கையால் உணர்வதாகச் சொல்லும் சிகிச்சை ஒன்று அமெரிக்காவில் உண்டு. எமிலி ரோசா என்ற சிறுமி ஒன்பது வயதில் அதைச் சோதித்தாள். சிகிச்சையாளர்கள் ஒரு தடுப்புக்குப் பின்னாலிருந்து இரு கைகளையும் நீட்ட வேண்டும். அவள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, இடக்கை அல்லது வலக்கையின்மேல் தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று சொன்னால் போதும். 21 பேர், 280 முறை. சரியான விடைகள் 44 சதவீதம். வெறுமனே ஊகித்தாலே பாதி தேறும்! 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் இது வெளிவந்தது. தோற்றபின் காரணங்களும் வந்தன: முந்தைய முறை பிடித்த கையின் ‘நினைவு’ அங்கேயே தங்கிக் குழப்பிவிட்டதாம்.

எனக்கு இடிப்பது இந்த இடம்தான். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. என்ன நடக்கும், எது நடந்தால் தோல்வி என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விடை தெரிந்தவர் யாரும் சோதனை அறையில் இருக்கக் கூடாது. அதில் தேறி, வேறு ஆட்கள் வேறு இடத்தில் செய்தும் தேறினால் நம்பிவிடுவேன். ஏன் அப்படி நடக்கிறது என்ற விளக்கம் மெதுவாக வரட்டும்.

பிரார்த்தனையையும் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர் இருந்தார்கள். தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று தெரியாதவர்களில், பிரார்த்தனை பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. நிச்சயம் நடக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம்.

மன ஆறுதலுக்காகப் பிரார்த்திப்பவரோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. ‘கடவுளைச் சோதிக்கக் கூடாது’ என்று இந்த ஆய்வை ஒதுக்குபவரிடம் மட்டும் ஒன்று கேட்பேன்: எண்கள் மறுபக்கம் சாய்ந்திருந்தால், அப்போதும் இதை ஒதுக்கியிருப்பீர்களா?