பாதாள பைரவியும் ஒரு கொட்டாய் ஆபரேட்டரும்

(வாசகர் கேள்வி – பதில். கிருஷ்ணகிரி வட்டாரத்து டென்ட் கொட்டாய்களில் 22 வருடம் படம் ஓட்டியவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ‘பாதாள பைரவி’ என்றாலே என் மாமனார் முகம் மலர்ந்துவிடுகிறது. ஒரு தெலுங்குப் படத்தை நம் பக்கத்து ஆட்கள் இவ்வளவு கொண்டாடக் காரணம் என்ன? – வாசகி, பர்கூர்

மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அம்மா. அதை வெறும் தெலுங்குப் படம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. நாகிரெட்டியும் சக்ரபாணியும் விஜயா பேனரில், சென்னை வாஹினி ஸ்டூடியோவில், இரண்டு மொழியிலும் எடுத்த படம். 1951 மார்ச்சில் தெலுங்கு வந்தது, மே மாதம் தமிழ். தமிழுக்குத் தஞ்சை ராமையாதாஸ் எழுதினார். நம்ம பக்கம் வீட்டுக்குள் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் இரண்டோடு கன்னடமும் பேசி வளர்ந்த ஜனங்கள் நிறைய. எந்த மொழிப் படப்பெட்டி வந்து இறங்கினாலும் கூட்டம் வரும்.

நான் முதலில் பார்த்தது 1966-ல், ஒன்பது வயதில். வேப்பனப்பள்ளியைத் தாண்டி, கேழ்வரகு அறுத்த கொல்லையில் கொட்டாய் போட்டிருந்தார்கள். அப்பா மாந்தோப்புக் காவல்காரர். அன்று ராத்திரிக் காவலைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். படத்தில் என்.டி.ஆருக்குத் தோட்ட ராமுடு என்று பெயர். உஜ்ஜயினியில் தோட்ட வேலையை நம்பிப் பிழைக்கிற வீட்டுப் பிள்ளை; ஆசைப்பட்டதோ ராஜகுமாரி இந்துமதி மேல். அந்தப் பெயர் காதில் விழுந்ததும், மணலைக் குவித்து அதன்மேல் சாய்ந்து கிடந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் படம் முடியும்வரை சாயவே இல்லை. விடிய விடிய மாங்காய்க்குக் காவல் இருக்கிற மனுஷன். தோட்டத்து ஆள் ஒருவன் காவலையெல்லாம் தாண்டி அரண்மனைக்குள் போய் ராஜகுமாரியோடு பேசுவதைப் பார்த்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

திரும்பி வரும்போது தோப்புக்குள் கும்மிருட்டு. பயத்தில் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். லாந்தரை என் முகத்துக்கு நேராகத் தூக்கி, படத்தில் வரும் மந்திரவாதியின் குரலிலேயே, “சாகசம் சாயரா டிம்பகா” என்றார். துணிந்து செய்டா பொடியா என்று அர்த்தம். பரீட்சைக்குப் போனாலும் சரி, கிணற்றில் முதல் தடவை குதித்தாலும் சரி, எங்கள் வீட்டில் அதற்கப்புறம் அந்த ஒரு வாக்கியம்தான்.

கேள்வி: அலாவுதீன் கதையைத்தானே வேறு பெயரில் எடுத்தார்கள்? – வாசகர், தருமபுரி

எலும்பு அதுதான், மறுக்க முடியாது. ஏழைப் பையன், அவனை வைத்துக் காரியம் சாதிக்கப் பார்க்கிற மந்திரவாதி, கேட்டதைக் கொடுக்கும் ஒரு பொருள், மாளிகையோடு காணாமல் போகிற ராஜகுமாரி எல்லாம் இதிலும் உண்டு. அதோடு, தெலுங்கில் மதிர சுப்பன்ன தீட்சிதர் எழுதிய ‘காசி மஜிலி கதைகள்’ சாயலும் இருக்கிறது. காசி யாத்திரை போகிற இருவர் தங்குகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கதை. மஜிலி என்றால் தங்குகிற இடம். விடிய விடிய பாரதக் கூத்து பார்த்த உங்கள் ஊருக்கு அந்த நடை புதுசில்லை. படத்துக்கு எழுதியவர் பிங்களி நாகேந்திரராவ்.

விளக்கைத் தேய்த்தால் பூதம் வந்துவிடும். பாதாள பைரவி என்கிற தெய்வம் அப்படி வரமாட்டாள், ஒரு வீரனைப் பலி கேட்பாள். நேபாள மாந்திரிகன் ராமுடுவைக் கூட்டிப்போவதே அதற்குத்தான். பூஜைக்கு முன்னால் தண்ணீரில் இறங்கிய இடத்தில் முதலை பிடிக்கிறது. அதை அவன் கொல்ல, சாபம் நீங்கி எழுந்த பெண் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். பலிக்கு அழைத்துப்போனவனே பலியாகிறான்.

இதற்கப்புறம் வருவதுதான் எனக்குப் பெரிசு. எனக்குச் சமமான செல்வத்தோடு வா, பெண் தருகிறேன் என்பது ராஜாவின் நிபந்தனை. பலியை ஏற்ற பைரவி ராமுடுவுக்குக் கொடுத்த சிலை அந்தச் செல்வத்தைக் கொடுத்துவிட்டது. மாளிகை வந்துவிட்டது, கல்யாணப் பேச்சும் வந்துவிட்டது. அங்கேயே சுபம் போட்டிருக்கலாம், இவர்கள் போடவில்லை. சதாஜபன் என்கிற சீடன் சஞ்சீவினி வைத்து மந்திரவாதியை எழுப்பிவிடுகிறான். ராஜாவின் மைத்துனன் மூலமாகச் சிலை அவன் கைக்குப் போகிறது. மாளிகையும் போச்சு, பெண்ணும் போச்சு. ராமுடு பழையபடி தோட்டக்காரன். சிலை கொடுத்த சீரோடு நடக்க இருந்த கல்யாணத்தைக் கலைத்துவிட்டு, வெறுங்கையோடு புறப்பட்டுப் போய் அவன் ஜெயித்து வந்த பிறகுதான் முடித்துவைக்கிறார்கள். அந்த முடிவை எடுத்த இயக்குநர் கே.வி.ரெட்டியை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

கேள்வி: மந்திரவாதியாக வரும் எஸ்.வி.ரங்காராவுக்கு அப்போது என்ன வயது? – கல்லூரி மாணவர், ஊத்தங்கரை

32 தம்பி. 1918-ல் பிறந்தவர். என்.டி.ஆருக்கு 27. ஐந்து வயசுதான் வித்தியாசம், இவர் தாடி மந்திரவாதி, அவர் இளம் காதலன்!

தாடிக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். அவன் சக்தியெல்லாம் தாடியில் இருக்கிறது. ராஜகுமாரி மனசுக்குப் பிடிக்க வேண்டுமென்றால் இதை எடுத்துவிடுங்கள் என்று ராமுடுவின் நண்பன் அஞ்சி ஏற்றிவிட, ஆசையில் எடுத்துவிடுகிறான். அவ்வளவு பெரிய மாந்திரிகன் மாப்பிள்ளைக் களைக்கு ஏங்குகிற அந்த முகத்தை ரங்காராவ் ஒருவரால்தான் காட்ட முடியும். நான் வேலை பார்த்த ஒரு ஊரில், முடிதிருத்தும் பெரியவர் ஒருவர் தினமும் வருவார். அந்த ரீல் வந்ததும் எழுந்து ஆபரேட்டர் ரூம் சுவரோரம் நின்று, ரொம்ப மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போய் உட்காருவார்.

கேள்வி: சாவித்திரி இதில் இருக்கிறாரா? – வாசகி, காவேரிப்பட்டணம்

இருக்கிறார், ஒரு நடனத்தில் மட்டும். கண் சிமிட்டினால் தப்பிவிடும். ஆறே வருடத்தில், 1957-ல், இதே கே.வி.ரெட்டியின் ‘மாயா பஜார்’ அவர் தோளில் நின்றது.

கேள்வி: இவ்வளவு நல்ல படத்துக்குத் தேசிய விருது ஏன் கிடைக்கவில்லை? – வாசகர், பாலக்கோடு

தேசிய விருதே 1954-ல்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் 1952-ல் நடந்த இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவுக்குத் தென்னாட்டிலிருந்து போனது இந்தப் படம்தான்.

கேள்வி: கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் மாயக் காட்சிகளை எப்படி எடுத்தார்கள்? – வாசகர், ஓசூர்

கேமரா மார்கஸ் பார்ட்லி. பின்னாளில் ‘செம்மீன்’ எடுத்தவரும் அவர்தான். அந்தக் காலத்தில் கேமராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மறுபடி ஓட்டுவார்கள். ஒரே பிலிமில் இரண்டு தடவை படம் பிடிப்பார்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது பிலிம்தான். ஒரு தடவை மாயக் காட்சியில் பிலிம் அறுந்துவிட்டது. ஒட்டுவதற்காகப் பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் வெறும் இடம், அடுத்த கட்டத்தில் ஆள் நிற்கிறார். நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டில் ஜனம் முழுக்க மூச்சைப் பிடிக்கும். பிளேடால் பூச்சைச் சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்கிற பசையைத் தடவி, கட்டை விரலால் அழுத்தி இருபது எண்ணி ஒட்டும்போது கை நடுங்கியது. ஒரு கட்டம் கூடக் குறைந்தாலும் மாயம் கெட்டுவிடும் என்று பயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரண்டாவது ஆட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு கொட்டாய் முதலாளி ‘அமைதியில்லாதென் மனமே’ பாட்டில் கத்தரி வைக்கச் சொன்னார். கண்டசாலாவும் லீலாவும் பாடியது! நான் மாட்டேன் என்றேன். வேறு ஆளை வைத்து வெட்டினார், என் சம்பளத்திலும் பிடித்தார். வெட்டிய துண்டைப் பொறுக்கித் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்து, பெட்டி ஊரை விட்டுக் கிளம்புகிற அன்று திரும்ப ஒட்டி அனுப்பினேன்.

கேள்வி: பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். தமிழா, தெலுங்கா? – வாசகர், இராயக்கோட்டை

முதலில் தமிழ், கதை புரியட்டும். அடுத்த வாரம் தெலுங்கைப் போடுங்கள். போடுவதற்கு முன்னால் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிடுங்கள்.