பெலீஸின் மலைப்பசு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மத்திய அமெரிக்க நாடான பெலீஸ் பற்றிய பயணக் குறிப்பில் அங்குள்ள விலங்குக்காட்சிசாலையைப் புகழ்ந்திருந்தீர்கள். கூண்டுகளை எதிர்த்து எழுதிவரும் நீங்கள், மீட்கப்பட்ட விலங்கைக் காட்டில் விடுவதே முறை என்று ஏன் சொல்லவில்லை? மெக்சிகோவில் பணிபுரியும் மகனோடு அங்கே செல்லவிருக்கிறேன். பார்க்கத்தான் வேண்டுமா?

வாசகி, திருச்சி

அன்புள்ள அம்மா,

காட்டில் விட முடிந்ததை விடுவதே முறை, அதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தாயை இழந்து மனிதர் கையில் புட்டிப்பால் குடித்து வளர்ந்த குட்டிக்கு இரை தேடவும் தெரியாது, மனிதரைக் கண்டு விலகவும் தெரியாது. சிறுத்தையைப் போன்ற பெரும்பூனையான ஜாகுவாரின் நிலை இன்னும் சிக்கலானது. 1980களில் பெலீஸில் ஆய்வு செய்த விலங்கியலாளர் ஆலன் ராபினோவிட்ஸ், மாடு பிடித்ததற்காகக் கொல்லப்பட்ட ஜாகுவார்கள் பலவற்றின் மண்டையோட்டில் பழைய துப்பாக்கிக் காயங்களைக் கண்டார். முன்பே அடிபட்டுக் காட்டில் வேட்டையாட வலுவிழந்தவையே பெரும்பாலும் மாட்டுப்பட்டிகளை நாடின. அப்படி ஒன்றைத் திரும்ப விட்டால் அது மறுபடியும் மாட்டிடம்தான் வரும், அங்கே துப்பாக்கி காத்திருக்கும். அவ்வாறு பிடிபட்டவற்றுக்கும் இக்காட்சிசாலை இடம் தருகிறது.

பெலீஸ் விடுதலை பெற்றது 1981இல். 1983இல், ஆவணப்படப்பிடிப்பொன்று பணமின்றி நின்றபோது, அதற்காகப் பழக்கப்பட்ட விலங்குகளைக் கைவிட மனமில்லாத அவற்றின் பராமரிப்பாளர் ஷாரன் மடோலா சாலையோரம் ஒரு பலகையை நட்டுத் தொடங்கியதே இந்த இடம். சிங்கமோ யானையோ இங்கே கிடையாது, எல்லாம் அம்மண்ணின் உயிர்கள்தாம். விளக்கப் பலகைகளிலும் அந்தந்த விலங்கே பேசுவதுபோலக் கையால் எழுதியிருக்கிறார்கள். அறிவியல் பெயரை மட்டும் பொறித்த தகரப் பலகைகளைப் பார்த்துச் சலித்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

அந்நாட்டின் தேசிய விலங்கான, நீண்டு வளையும் மூக்குள்ள தபீரை ஊரார் மலைப்பசு என்பார்கள், ஆனால் அது குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் உறவு. மூக்கால் மனிதத் தோலை உரித்துவிடும் என்று அதற்கு அஞ்சிய காலம் உண்டு. புழு வைத்த புண்ணோடு குட்டியாக வந்து பிழைத்த ஏப்ரல் என்ற தபீருக்குப் பள்ளிப்பிள்ளைகள் ஆண்டுதோறும் பிறந்தநாள் கொண்டாடினார்கள்; அந்த அச்சம் கரைந்ததில் அவளுக்குப் பெரும் பங்குண்டு. நான் பார்த்த தபீர், பராமரிப்பாளர் நீட்டிய இலையை மூக்குநுனியால் இருமுறை தடவிப் பார்த்து, சுருட்டி, அவசரமின்றி வாய்க்குள் இழுத்துக்கொண்டது. தோலுரிக்கும் மூக்கு அவ்வளவுதான்.

கூண்டு கூண்டுதான், அதை நியாயப்படுத்த மாட்டேன். உள்ளே இருப்பது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்பதையே பார்க்கிறேன். போய்வாருங்கள். பெலீஸ் நகரிலிருந்து தலைநகர் பெல்மோபான் செல்லும் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. காலையில் முதல் ஆளாகச் செல்லுங்கள், வெயில் ஏறினால் தபீர் உறங்கிவிடும்.