டெஸ்ட் டிரைவில் பின் சீட்டிலும் உட்காருங்கள்

கேள்வி: பிஎம்டபிள்யூ எக்ஸ்1, ஆடி க்யூ3, மெர்சிடிஸ் ஜிஎல்ஏ மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டோம். ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கொடுத்தார்கள். மூன்றுமே சொகுசாகத்தான் தெரிந்தது. நானும் கணவரும் மாறி மாறி ஓட்டுவோம், மாமியார் பின்னால் உட்காருவார், அவருக்கு முதுகுவலி உண்டு. எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மூன்றும் சொகுசாகத் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் கூட்டிக்கொண்டு போகும் ரூட் அப்படி. அவினாசி ரோடு மாதிரி நேரான ரோட்டில் போய் ஒரு யூ-டர்ன் அடித்துத் திரும்பினால், ஐம்பது லட்ச ரூபாய் வண்டி எதுவும் மோசமாகத் தெரியாது. அடுத்த முறை ரூட்டை நீங்கள் சொல்லுங்கள். உங்கள் தெரு, குழாய் போடத் தோண்டி மூடிய இடம், தினமும் போகும் ஒரு மோசமான ரோடு, கடைசியில் கொஞ்சம் பைபாஸ். மூன்று வண்டிக்கும் அதே ரூட், முடிந்தால் ஒரே நாளில். ஒரு வாரம் கழித்து இன்னொரு வண்டியில் ஏறினால் முதல் வண்டி எப்படிக் குலுக்கியது என்பது உடம்புக்கு ஞாபகம் இருக்காது.

கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது, பெரும்பாலானவர்கள் செய்வதில்லை: டயரில் காற்று எவ்வளவு என்று பாருங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் பில்லரில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம். ஆள் குறைவாக இருந்தால் இவ்வளவு, முழு லோடுக்கு இவ்வளவு என்று அதில் தனித்தனியாகப் போட்டிருக்கும். டெஸ்ட் வண்டியில் முழு லோடு அளவுக்கோ அதற்கு மேலோ அடித்து வைத்திருந்தால் நல்ல சஸ்பென்ஷன்கூட கட்டை வண்டியாகத் தெரியும். குறைவாக இருந்தால் மெத்து மெத்தென்று போய் உங்களை ஏமாற்றும். வெயிலில் நின்ற வண்டி என்றால் அதையும் கணக்கில் எடுங்கள், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும்.

அப்புறம், வேகமாக ஓட்டிச் சோதிக்காதீர்கள். ஐரோப்பிய வண்டிகள் பொதுவாக நூறில் அமைதியாகப் போகும், அங்குள்ள சாலைக்காக வளர்ந்தவை அவை. இருபது முப்பதில்தான் பல வண்டிகளின் குணம் வெளியே வரும். சின்னச் சின்ன மேடு பள்ளம், மேன்ஹோல் மூடி, ஒட்டுப்போட்ட தார், இதிலெல்லாம் வண்டி படபடவென்று உதறுகிறதா, அடி ஸ்டீயரிங் வரைக்கும் வருகிறதா என்று பாருங்கள். பெரிய ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்குவதை எல்லா வண்டியும் சுமாராகச் செய்துவிடும். முறைப்படி போட்ட ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஊருக்குள் ஆளாளுக்குப் போட்டு வைத்திருக்கும் கூர்மேடுதான் உண்மையான பரீட்சை. அதில் இறங்கும்போது பின்பக்கத்தைக் கவனியுங்கள். ஒரே அசைவில் அமர வேண்டும். இறங்கியபிறகும் இரண்டு மூன்று தரம் ஆடினால் நீண்ட பயணத்தில் அது தொந்தரவு, ‘டொம்’ என்று முட்டினால் அது வேறு தொந்தரவு.

உங்கள் மாமியாருக்காக ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடம், ரயில்வே கேட் பக்கத்தில் வரிசையாகக் குறுக்குக் கோடு போல மெலிதாகத் தார் மேடு போட்டிருப்பார்கள், ரம்பிள் ஸ்ட்ரிப். பொதுவாக ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மீட்டர் சுமாருக்கு இடைவெளி இருக்கும். உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு மேல்-கீழ் அதிர்வில் மிகவும் பிடிக்காதது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் குலுக்கல், முதுகும் வயிறும் அதில்தான் அதிகம் அவதிப்படும். ஒரு மீட்டர் இடைவெளிக் கோடுகளின் மேல் 15 முதல் 30 கி.மீ. வேகத்தில் போனால் கிட்டத்தட்ட அதே குலுக்கல்தான் கிடைக்கும். 36 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பத்து. சக்கரம் தானாகவே துள்ள ஆரம்பிப்பது ஏறக்குறைய அந்த அளவில்தான். ஆகவே இருபதில் ஒரு தடவை, முப்பத்தைந்தில் ஒரு தடவை அதன் மேல் போங்கள். ஓட்டுவது கணவராக இருக்கட்டும், நீங்களும் மாமியாரும் பின்னால் உட்காருங்கள். ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் பள்ளத்தை முன்கூட்டியே பார்த்து உடம்பைத் தயாராக வைத்துக்கொள்வார். பின்னால் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது, அதோடு பின் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்று. எக்ஸ்1 பெட்ரோல் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின். சிக்னலில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது சீட்டிலும் ஸ்டீயரிங்கிலும் லேசான நடுக்கம் வருகிறதா என்று கைவைத்துப் பாருங்கள். சிலருக்கு அது தெரியவே தெரியாது, சிலருக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் தினமும் அதுதான் கண்ணில் படும்.

வெளிநாட்டு யூடியூப் விமர்சனத்தை இந்தக் குலுக்கல், சொகுசு விஷயத்தில் மட்டும் நம்ப வேண்டாம். எக்ஸ்1 செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பாகங்களைப் பூட்டித் தயாராகி வருகிற வண்டி. லண்டனில் ஒருவர் ஓட்டிக் காட்டுவதில் இருக்கும் வீல், டயர், சஸ்பென்ஷன் ஆப்ஷன் எல்லாம் இதில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: ஓசூரிலிருந்து தினமும் பெங்களூரு போய் வருகிறேன். இப்போதுள்ள காரில் ரோட்டுச் சத்தம் தாங்கவில்லை, வீட்டுக்கு வந்தால் தலை கனக்கிறது. புது வண்டி எடுக்கும்போது உள்ளே எவ்வளவு சத்தம் என்று செல்போன் ஆப்பில் அளந்து பார்க்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: அளக்கலாம், ஆனால் நம்பரை அப்படியே நம்பக் கூடாது. ஒரே போன், ஒரே இடம், ஒரே வேகம், ஒரே ரோடு என்று வைத்துக்கொண்டு இரண்டு வண்டியை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். 10 டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும், ஒன்று இரண்டு டெசிபல் வித்தியாசத்துக்காக மண்டையை உடைக்க வேண்டாம். பெரிய சிக்கல் வேறு. இந்த ஆப்கள் வழக்கமாக நம் காதின் போக்கை ஒட்டி அடித்தொனியைக் குறைத்துத்தான் கணக்கிடும். கரடுமுரடான தாரில் ‘உம்ம்ம்’ என்று காதை அடைக்கிற மாதிரி ஒரு இரைச்சல் வருமே, அது ஆப்பில் சரியாக விழவே விழாது. தலை கனப்பதற்கு அந்தச் சத்தம்தான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

எனவே காதை நம்புங்கள், ஆனால் முறையாக நம்புங்கள். ஏறியதும் மியூசிக் சிஸ்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஏசி புளோயரை ஒன்றில் வையுங்கள். விற்பனைப் பிரதிநிதியிடம் ஐந்து நிமிடம் பேசாமல் வரும்படி மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர் பேச்சுதான் அந்த வண்டியில் சத்தத்தை மறைக்கும் முதல் காரணம்!

சத்தம் மூன்று இடத்திலிருந்து வரும். இன்ஜின் சத்தம் வேகம் எடுக்கும்போது மட்டும் வந்து போய்விடும், எனக்கு அது ஒரு பொருட்டில்லை. ஒரே சீராகப் போகும்போது நாற்பது ஐம்பதைத் தாண்டினாலே டயர் சத்தம்தான் மேலே நிற்கும். நூறை நெருங்கும்போது காற்றுச் சத்தம் சேரும். அது வேகத்தோடு மிகச் செங்குத்தாக ஏறுகிற சத்தம், எண்பதிலிருந்து நூறுக்குப் போனாலே ஆறு டெசிபல் வரைக்கும் கூடிவிடலாம். அதனால் எண்பதில் அமைதியாக இருந்ததே என்று முடிவு கட்டாதீர்கள். வேக வரம்பு அனுமதிக்கும் இடத்தில் நூறில் ஒரு நிமிடம் நிலையாக ஓட்டி, கண்ணாடி ஓரத்திலும் வெளிக் கண்ணாடி பக்கத்திலும் ‘ஸ்ஸ்’ என்று ஏதாவது சீறுகிறதா என்று கேளுங்கள்.

உங்கள் ரூட்டிலேயே எல்லாச் சோதனைக்கும் இடம் இருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் சுமார் பத்து கிலோமீட்டர், வரிசையாக இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பிலும் ‘தட்-தட்’ என்று முன் சக்கரமும் பின் சக்கரமும் அடிக்கும். அந்த அடி காதில் மட்டும் கேட்கிறதா, காலுக்கடியில் தரையிலும் தெரிகிறதா? நல்ல வண்டியில் தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி மட்டும் கேட்கும். அடுத்து பெங்களூருக்குள் ஒயிட் டாப்பிங் செய்த, அதாவது தார் மேல் கான்கிரீட் போட்ட ரோடு ஒன்றில் ஓட்டுங்கள். கான்கிரீட்டில் தாரைவிட டயர் அதிகமாகப் பாடும். அப்படி ஒரு ரோடு பக்கத்தில் இல்லாதவர்கள் டோல்கேட்டை ஒட்டிய கான்கிரீட் பகுதியில் வேகம் குறையும்போது கவனித்தால் போதும்.

கண்ணாடியையும் பாருங்கள். முன் கண்ணாடி எல்லா வண்டியிலும் இரட்டை அடுக்குதான். பக்கக் கண்ணாடியைப் பாதி இறக்கி அதன் மேல் விளிம்பை உற்றுப் பாருங்கள், நடுவே மெல்லிய கோடு ஓடினால் இரண்டு கண்ணாடிக்கு இடையே பிளாஸ்டிக் படலம் வைத்தது, காற்றுச் சத்தத்தை நன்றாக அடக்கும். கோடு இல்லாமல் ஒரே கட்டியாக இருந்தால் சாதாரணக் கண்ணாடி. முன் கதவில் மட்டும் கொடுத்துவிட்டுப் பின் கதவில் கொடுக்காத வண்டிகள் உண்டு, நான்கு கதவையும் இறக்கிப் பாருங்கள்.

கேள்வி: டாப் வேரியன்ட்டில் 19 இன்ச் வீல் வருகிறது, அடுத்ததில் 18. பார்க்க 19தான் அழகு. வித்தியாசம் தெரியுமா?
– வாசகர், மதுரை

பதில்: தெரியும், தினமும் தெரியும். டயர் பக்கவாட்டில் 225/55 ஆர்18 என்று போட்டிருந்தால் 225 மி.மீ. அகலத்தில் 55 சதவீதம் சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) உயரம், அதாவது 124 மி.மீ. சுமார். 245/45 ஆர்19 என்றால் 110 மி.மீ. அந்த 14 மி.மீ. சுமார் ரப்பரும் காற்றும்தான் சின்னக் குழியை சஸ்பென்ஷனுக்குப் போகும் முன்பே விழுங்குவது. குழியில் விழுந்து அலாய் வளைவதும் டயர் பக்கவாட்டில் புடைப்பு வருவதும் சைடுவால் மெலிய மெலியக் கூடும். நம் ரோட்டுக்கு நான் எப்போதும் சின்ன வீல் கட்சி. டெஸ்ட் டிரைவுக்குத் தரும் வண்டி பெரும்பாலும் டாப் வேரியன்ட்டாக இருக்கும், நீங்கள் புக் செய்வது அடுத்தது என்றால் அதே வீல் உள்ள வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டுங்கள். ரன்ஃபிளாட் டயரா என்றும் கேளுங்கள். பஞ்சரானாலும் வண்டியின் எடையைத் தாங்க அதன் பக்கவாட்டைக் கெட்டியாகச் செய்திருப்பார்கள், அந்தக் கெட்டித்தனம் உங்கள் இடுப்புக்கும் தெரியும்.

கேள்வி: எலெக்ட்ரிக் வாங்கினால் இந்தச் சத்தப் பிரச்சினையே இருக்காது அல்லவா? பிஎம்டபிள்யூவின் எலெக்ட்ரிக் ஐஎக்ஸ்1 யோசிக்கிறேன். குழந்தைகள் இருவருக்கும் காரில் வாந்தி வரும்.
– வாசகி, திருச்சி

பதில்: சிக்னலில் நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் இருக்காது, உண்மைதான். ஹைவேயில் டயரும் காற்றும் அப்படியேதான் இருக்கும், மறைக்க இன்ஜின் இல்லாததால் இன்னும் துல்லியமாகக் கேட்கும். டேஷ்போர்டில் ஏதோ ஒன்று ‘கிறீச்’ என்றால்கூட அதுதான் உலகத்திலேயே பெரிய சத்தம்போல இருக்கும். பேட்டரியால் எடை சில நூறு கிலோ கூடும், அதைத் தாங்க ஸ்பிரிங்கும் இறுக்கமாக வரும், ஆகவே மெதுவான வேகத்துச் சோதனையை இதில் இன்னும் கவனமாகச் செய்யுங்கள். நம் ஊருக்கு வந்திருக்கும் நீள ஐஎக்ஸ்1-க்கு ஒரு சாதகம் உண்டு. சாதா எக்ஸ்1-இல் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,692 மி.மீ., இதில் 2,800. இடைவெளி கூடினால் வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடுவது குறையும், பின்னால் கால் நீட்டவும் இடம் கிடைக்கும்.

வாந்திக்குக் காரணம் படபடக் குலுக்கல் இல்லை, மெதுவான ஆட்டம். இரண்டு நொடிக்கும் மேல் நீளும் ஒவ்வொரு அசைவும், படகில் போவது போன்றது, அதுதான் வயிற்றைப் பிரட்டும். எலெக்ட்ரிக்கில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானே இழுத்துப் பிடிக்கும், ஓட்டுகிறவர் காலை வைத்து எடுத்து வைத்து எடுத்து ஓட்டினால் பின்னால் குழந்தைகள் பாடு திண்டாட்டம். டெஸ்ட் டிரைவில் அப்படி இழுத்துப் பிடிக்கும் அளவைக் குறைந்ததில் வைத்து ஒரு தடவை, கூடியதில் வைத்து ஒரு தடவை ஓட்டி, குழந்தைகளையும் பின்னால் உட்காரவைத்துப் பாருங்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம்.

கேள்வி: டெஸ்ட் டிரைவில் அமைதியாக இருந்த அதே மாடல், டெலிவரி எடுத்தபின் சத்தமாக இருக்கிறது என்று நண்பர் புலம்புகிறார். அப்படி நடக்குமா?
– வாசகர், சென்னை

பதில்: நடக்கும். முதலில் டயரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று டயர் கம்பெனியிடமிருந்து வாங்குவது கார் கம்பெனிகளின் வழக்கம், ஷோரூம் வண்டியில் ஒன்றும் நண்பர் வண்டியில் வேறொன்றும் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் அந்தக் கார் கம்பெனிக்கென்றே செய்த டயர் என்பதற்கு அடையாளம் இருக்கும்: பிஎம்டபிள்யூவுக்கு ஒரு சின்ன நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. அடுத்தது காற்று, புது வண்டியில் அதிகமாக அடித்த காற்றைக் குறைக்காமலே சாவியைக் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. இரண்டும் சரி என்றால் கதவு ரப்பர் எங்காவது மடிந்து உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்க்கட்டும், ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தளர்வான இடம் தெரிந்துவிடும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மெல்ல மெல்ல ‘ஙொய்’ என்று கூடிய சத்தம் என்றால் பின் டயரின் பட்டைகள் படிக்கட்டு மாதிரி தேய்ந்திருக்கும். உள்ளங்கையைச் சுற்றுவாக்கில் ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் பல் பல்லாகத் தடுக்கும். அப்படியென்றால் அலைன்மென்ட் பார்த்து, முன்னும் பின்னும் டயரை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

நீங்களும் வாங்கப் போகிறீர்கள் என்றால், டெஸ்ட் வண்டியின் டயர் பெயரையும் அளவையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் வண்டி யார்டுக்கு வந்ததும் பதிவுக்கு அனுப்பும் முன் போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.