பொங்கல் அன்று யார் மாலை போடுவது?

கேள்வி: அமெரிக்க ராணுவத்தின் 250-ஆவது பிறந்தநாளுக்கு அங்குள்ள கவுன்டிகளும் நகர சபைகளும்கூடத் தீர்மானம் போட்டுப் பாராட்டின. நம் ஊராட்சிகளும் நகராட்சிகளும் ராணுவ தினமான ஜனவரி 15-ஐ ஏன் கண்டுகொள்வதே இல்லை?
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: முதலில் ஒரு திருத்தம். ஜனவரி 15 நம் ராணுவம் பிறந்த நாள் இல்லை. 1949-இல் அந்த நாளில்தான் பிரிட்டிஷ் ஜெனரல் பூச்சரிடமிருந்து, முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகக் கரியப்பா பொறுப்பேற்றார். அதாவது சுதந்திரம் வந்து ஒன்றரை வருடம் வரைக்கும் நம் ராணுவத்துக்கு வெள்ளைக்காரர்தான் தலைவர். படை என்று பார்த்தால் மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758-லேயே வந்துவிட்டது, அமெரிக்க ராணுவத்தைவிட 17 வயது மூத்தது. அப்புறம், ஜனவரி 15 நமக்குப் பொங்கல், இல்லாவிட்டால் மாட்டுப் பொங்கல். அன்றைக்கு எந்தத் தலைவரைக் கூப்பிட்டு மாலை போடச் சொல்வீர்கள்?

அமெரிக்கத் தீர்மானங்களுக்கு வருவோம். 1775 ஜூன் 14 அன்று பத்து துப்பாக்கிப் படைக் கம்பெனிகளைத் திரட்ட அன்றைய அமெரிக்கப் பிரதிநிதிகள் கூடிய சபையான காங்கிரஸ் முடிவெடுத்தது, அதிலிருந்து 250 வருடம் வீரம், தியாகம், சேவை என்று போகும். ஊர் பெயரை மட்டும் மாற்றினால் போதும், நம்மூர் கல்யாணப் பத்திரிகை மாதிரி. அவற்றில் இடம்பெறாத கதை சுவாரஸ்யமானது. 1783 ஜூனில் சம்பள பாக்கிக்காகச் சிப்பாய்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடிய கட்டடத்தையே சூழ்ந்து நிற்க, உறுப்பினர்கள் பிரின்ஸ்டனுக்கு ஓடினார்கள். மறு வருடம் அதே காங்கிரஸ், வெஸ்ட் பாயிண்டில் 55 பேர், பிட் கோட்டையில் 25 பேர், ராணுவக் கிடங்குக்குக் காவல் இருக்க இவர்கள் போதும், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று முடிவு செய்தது. சண்டை முடிந்ததும் சம்பளம் கேட்ட சிப்பாய்க்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். பாராட்டுத் தாளுக்குச் செலவே கிடையாது என்பதால்தான் அது இவ்வளவு சுலபமாக நிறைவேறுகிறது.

சரி, நம் பக்கம் ஒன்றுமே இல்லையா? நீங்கள் காட்பாடிக்காரர், பாலாறு தாண்டி வேலூர் லாங் பஜாருக்குப் போனால் மணிக்கூண்டில் இருக்கும் கல்லைப் பாருங்கள். இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. எண்ணிக்கை இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. 14 பேர் யார், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை? வெங்காய மூட்டைக்கும் இப்படித்தான் கணக்கு எழுதுவார்கள்.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தியின் பெயர் அதில் இருக்கிறது. பக்கத்திலேயே அவன் நாய்க்கும் உருவம் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டில் நாய்க்குக் கிடைத்தது, 20-ஆம் நூற்றாண்டில் மனிதனுக்குக் கிடைக்கவில்லை. ஊர் தன் ஆளைக் கௌரவித்ததற்கும் சர்க்கார் ஆள்கணக்குக் காட்டியதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஆகவே ஊராட்சியிடம் பாராட்டுத் தீர்மானம் கேட்காதீர்கள், பட்டியல் கேளுங்கள். ஜனவரி 15 முடிந்து பதினோராவது நாள், ஜனவரி 26, எப்படியும் கிராம சபை கூடும். நம் ஊரிலிருந்து படைக்குப் போனவர்கள், திரும்பி வந்தவர்கள், வராதவர்கள் யார் யார் என்று பெயரோடு வாசிக்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம், அதைவிடச் சுலபம் தெருவில் இருக்கும் கிழவிகளைக் கேட்பது. வாசித்து முடித்த கையோடு, அந்தப் பட்டியலில் உயிரோடு இருப்பவர்கள் ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்து, பதில் வராமல் கிடக்கும் மனுக்கள் எத்தனை என்றும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.