அந்தமானில் ஏழு நாளும் மழை என்று போன் காட்டுகிறது, பயணத்தை ரத்து செய்யலாமா?

கேள்வி: மே கடைசி வாரம் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவுடன் அந்தமான் போக டிக்கெட் எடுத்திருக்கிறேன். போனில் பார்த்தால் ஏழு நாளும் இடி மின்னலோடு மழைப் படம். ரத்து செய்துவிடலாமா?

ரத்து செய்ய வேண்டாம். அந்த மழைப் படத்தை விட்டுவிட்டு, காற்றையும் அலையையும் பாருங்கள்.

நான் பதினான்கு வருஷமாகப் போர்ட் பிளேரில் இருக்கிறேன். ஊரின் பெயரை 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், அவர்களின் நண்பர்கள் எல்லாருக்கும் மற்ற தீவுகளுக்குப் போகிற படகு டிக்கெட் எடுத்துக்கொடுத்தே இந்த விஷயம் எனக்குப் பழகிவிட்டது. மழையால் வாரம் கெட்டுப்போனது என்று திரும்பியவர்கள் மிகக் குறைவு. படகு ஓடாமல் மாட்டிக்கொண்டவர்கள்தான் வருத்தப்பட்டார்கள்.

முதலில் அந்தப் படம். போன் ஒரு நாளுக்கு ஒரே ஒரு படம்தான் போடும். 24 மணி நேரத்தில் ஏதோ ஒரு மணி நேரம் இடி மழைக்கு வாய்ப்பிருந்தாலும் அன்றைக்கு மின்னல் படம் வந்துவிடும். மே முதல் டிசம்பர் வரை எந்த வாரம் பார்த்தாலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வருஷத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம் இது. சென்னையைப் போல இரண்டு மடங்கு. கேரளத்தில் ஜூன் 1 வாக்கில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, பத்து நாள் போல முன்னதாகவே அந்தமான் கடலைத் தொட்டுவிடும். அதனால் நீங்கள் வருகிற வாரம் மழை இருக்கும் என்பதைச் சொல்ல எந்தச் செயலியும் தேவையில்லை.

அந்த மழை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். என் வீட்டுக்குப் பின்னால் மேடு, அதில் மரக்காடு. மழை அந்தப் பக்கமிருந்துதான் வரும். வானம் கறுப்பதற்கு முன்பே இலைகளின் மேல் விழுகிற சத்தம் கேட்கும், லாரி ஏற்றம் ஏறி வருகிற மாதிரி. கொடியில் கிடக்கிற துணியை எடுக்க ஒரு நிமிஷம் கிடைக்கும். அப்புறம் தகரக் கூரையில் பேச்சே கேட்காத அளவுக்கு அடித்து ஊற்றும். அரை மணி, முக்கால் மணி. நின்றதும் வெயில் அடிக்கும், ரோட்டிலிருந்து ஆவி எழும்பும். ஒரு நாளில் இது இரண்டு மூன்று தரம் நடக்கலாம். இடைவெளியில் ஊரைச் சுற்றிப் பார்க்கத் தாராளமாக நேரம் இருக்கும். தென்மேற்குக் காற்று வலுக்கிற சமயத்தில் மூன்று நான்கு நாள் விடாமல் பிடிக்கும், அப்புறம் தளரும். உங்கள் வாரம் இதில் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையைப் படியுங்கள். படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். 'அந்தமான் நிகோபார் தீவுகள்' முழுவதும் அவர்கள் கணக்கில் ஒரே வானிலைப் பிரிவு. வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை 700 கிலோமீட்டருக்கு மேல். சென்னையையும் கன்னியாகுமரியையும் ஒரே வரியில் சொல்வது போல. 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று போட்டிருந்தால் அது தெற்கே கார் நிகோபாரிலோ ஹட் பேயிலோ பெய்யலாம், நீங்கள் அன்றைக்கு ஹேவ்லாக் தீவில் சட்டை நனையாமல் உட்கார்ந்திருக்கலாம். 'ஓரிரு இடங்களில்' என்றால் மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்குக்குள் என்று அர்த்தம். கனமழை என்பதற்கும் கணக்கு உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை. அதற்கு மேல் 204.4 வரை மிக கனமழை.

அடுத்து, நம் ஆட்கள் அதிகம் பயப்படுகிற ஒரு சொல், சூறாவளிக்காற்று. 'அந்தமான் கடலில் சூறாவளிக்காற்று மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 60 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும், மீனவர்கள் செல்ல வேண்டாம்' என்று வரும். இதைப் படித்துவிட்டுப் புயல் வருகிறது என்று இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. அறிக்கைத் தமிழில் இது திடீர் திடீரென்று வலுத்து வீசுகிற காற்று, அவ்வளவுதான். புயல் என்றால் புயல் என்றே எழுதுவார்கள். ஆனாலும் உங்களுக்கு வேண்டிய வரி இதுதான். மழை வரியைவிட இந்த வரியை இரண்டு தரம் படியுங்கள், ஏனென்றால் படகு ஓடுமா நிற்குமா என்பதை இந்தக் காற்றும் அது எழுப்புகிற அலையும்தான் தீர்மானிக்கின்றன. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அலை உயரத்தையும் நாள்வாரியாகத் தருகிறது. என் அனுபவத்தில் அலை இரண்டு மீட்டரைத் தாண்டுகிற நாளில் படகு ஓடினாலும் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்ற வேண்டாம்.

போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். துறைமுகத்துக்கு உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி இருக்கும். நார்த் பே தாண்டி வெளியே போனதும்தான் ஆட்டம் தொடங்கும். அங்கே கயிறு கட்டுகிற ஆட்களில் தமிழ் பேசுகிறவர்கள் இருப்பார்கள். "அண்ணா, வெளிக்கடல் எப்படி?" என்று கேளுங்கள். காலையில் அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.

முன்னறிவிப்பை எத்தனை நாளைக்கு நம்பலாம்? முதல் மூன்று நாளை நம்பித் திட்டம் போடலாம். ஐந்தாம், ஆறாம், ஏழாம் நாளைப் போக்கு தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொண்டு தினமும் புதிதாகப் பாருங்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஏழாம் நாளையும் அலட்சியம் செய்யக்கூடாது. வங்கக்கடலின் தென்கிழக்கிலோ அந்தமான் கடலிலோ காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகும் என்று எழுதியிருந்தால் பயணத் தேதியையே மறுபடி யோசியுங்கள். மே மாதமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் அதற்கான காலம். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் மரங்களைச் சாய்த்த வர்தா புயல், அதற்கு முந்தைய வாரம் இங்கேதான் இருந்தது. ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள், கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவந்தன. கையில் பணம் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாத நிலை அது.

இதனால்தான் யார் கேட்டாலும் நான் விடாமல் சொல்வது: கடைசி இரவு கண்டிப்பாகப் போர்ட் பிளேரில் தங்குங்கள். ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகில் வந்து மதியம் விமானம் என்று போட்டுக்கொடுக்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். போன வருஷம் என் தங்கை வீட்டுக்காரருக்கு ஒருவர் அப்படித்தான் போட்டுக்கொடுத்தார். காலைப் படகு ரத்து, விமானம் போய்விட்டது, நான்கு பேருக்குப் புது டிக்கெட். தங்கை போனில் அழுதது இன்னும் மனதில் நிற்கிறது. ஓர் அறை வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் வந்தது இது.

ஹேவ்லாக்கை வந்த மறுநாளே வைத்துக்கொள்ளுங்கள். படகு ஒரு நாள் தள்ளிப்போனாலும் சரிசெய்ய இடம் இருக்கும். அங்கே ராதாநகர் மேற்குக் கரை. இந்தப் பருவத்தில் காற்று நேராக வந்து மோதுகிற பக்கம் அதுதான், கடலின் இழுப்பு அதிகம். மாலையில் மணலில் உட்கார்ந்து பாருங்கள், பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் இறங்க விடாதீர்கள். குளிக்க விஜயநகர்ப் பக்கம், கிழக்குக் கரை. இங்கே மே மாதத்தில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும், ஆறு மணிக்குள் இருட்டிவிடும். மதியத்துக்கு மேல் கிளம்பினால் நாள் கையில் நிற்காது.

மழை பிடித்துக்கொண்ட நாளுக்குச் செல்லுலார் சிறையும் சமுத்ரிகா அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஒன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் எந்த மழையைப் பார்த்து முகம் சுளிக்கிறீர்களோ, அதற்காக நாங்கள் ஏப்ரல் முழுக்கக் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். தனிக்காரி அணையில் தண்ணீர் ஏறினால்தான் எங்கள் குழாயில் தினமும் தண்ணீர் வரும்.

அம்மாவுக்குப் படகில் கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கமாக இருக்கிற இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. ஜன்னல் வேண்டும் என்று பிள்ளைகள் முன்னால் ஓடுவார்கள், விடாதீர்கள். குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, படகு கிளம்ப அரை மணிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.