பாய்மரக் கப்பல்கள்: மரத்தை எண்ணாதீர்கள்

பழைய பாய்மரக் கப்பல்களின் அழகையும் பாய் வகைகளையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புதையல், கடற்கொள்ளையர் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அது என் துறை அல்ல.

கோவை வாசகர்: ஐயா, வீட்டுக் காலண்டரில் மூன்று பாய்மரங்கள் உள்ள கப்பல் இருக்கிறது. அது என்ன வகை?

மரங்களை எண்ணி வகை சொல்ல முடியாது. எந்த மரத்தில் எந்தப் பாய் என்பதுதான் கணக்கு. பாய்மரத்துக்குக் குறுக்கே பருமல் என்ற நீண்ட கட்டையைக் கட்டி, அதிலிருந்து தொங்கவிடுவது குறுக்குப்பாய், நாற்சதுரமாக இருக்கும். கப்பலின் நீளவாட்டில் விரிவது நீளப்பாய். மூன்று மரங்களிலும் குறுக்குப்பாய் இருந்தால் முழுப்பாய்க் கப்பல். கடைசி மரத்தில் மட்டும் நீளப்பாய் என்றால் பார்க். முன்மரத்தில் மட்டும் குறுக்குப்பாய், மற்றவற்றில் நீளப்பாய் என்றால் பார்க்கன்டீன். எல்லாமே நீளப்பாய் என்றால் பெரும்பாலும் ஸ்கூனர். ஆகவே முதலில் கடைசி மரத்தைப் பாருங்கள். பாயைச் சுருட்டி வைத்திருந்தாலும் பருமல்கள் தெரியும்.

மதுரை மாணவி: இரண்டு மரங்கள் என்றால்?

இரண்டிலும் குறுக்குப்பாய் இருந்தால் பிரிக். முன்மரத்தில் மட்டும் என்றால் பிரிகன்டீன்.

திருச்சி வாசகர்: கிளிப்பர் எந்த வகைப் பாய்?

எந்த வகையும் அல்ல. கிளிப்பர் என்பது வேகத்துக்காக ஒடுக்கமாகச் செதுக்கிய உடலமைப்பு. தேயிலை ஏற்றிவந்த 'கட்டி சார்க்' 1869 நவம்பரில் நீரில் இறங்கியது. சூயஸ் கால்வாய் திறந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் குறுக்குவழி நீராவிக் கப்பல்களுக்கே வாய்த்தது. பாவம், பிறக்கும்போதே அதன் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது. முழுப்பாய்க் கப்பலாகப் பிறந்த அது, 1916இல் பாய்மரங்களை இழந்தபின் பார்க்கன்டீனாக மாற்றப்பட்டது. உடல் அதேதான், வகை வேறு. இப்போது லண்டன் கிரீனிச்சில் பழைய முழுப்பாய்க் கோலத்திலேயே நிற்கிறது.

திருகோணமலை வாசகர்: எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு கப்பல் இருப்பது உண்மையா?

உண்மை. 'டிரிங்கோமலீ' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதை ஃபிரிகேட் என்பார்கள். அதுவும் பாய் வகை அல்ல, போர்க்கப்பல் வகை. பாயைப் பார்த்தால் முழுப்பாய்க் கப்பல்.

சென்னை வாசகர்: குறுக்குப்பாய் எதிர்க்காற்றில் போகாது. அரபுக் கப்பல்களின் முக்கோணப் பாய்தானே மேலானது? ஐரோப்பியர் ஏன் பிடிவாதமாகப் பழையதையே கட்டினார்கள்?

பிடிவாதம் அல்ல. மத்தியதரைக் கடலில் பல நூற்றாண்டுகள் முக்கோணப் பாய்தான் ஆண்டது. 14ஆம் நூற்றாண்டில் அங்கே குறுக்குப்பாய் திரும்பி வந்தது. முக்கோணப் பாய் காற்றுக்கு நெருக்கமாகப் போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பருமல் கப்பல் நீளத்துக்கே இருக்கும். திசை மாற்ற வேண்டுமானால் அந்த முழு நீளக் கட்டையையும் பாய்மரத்துக்கு மறுபுறம் கொண்டுபோக வேண்டும். பலத்த காற்றில் அது உயிரோடு விளையாட்டு. ஆளும் நிறைய வேண்டும். குறுக்குப்பாயை மேலிருந்து கீழாகப் பல துண்டுகளாகப் பிரித்துக் கட்டலாம். காற்று ஏறினால் மேல் துண்டுகளை மட்டும் சுருட்டினால் போதும். கொலம்பஸ்கூட 1492இல் கானரித் தீவுகளில், தம் கப்பல்களுள் ஒன்றின் முக்கோணப் பாயைக் கழற்றிக் குறுக்குப்பாய் கட்டினார்.

சேலம் வாசகர்: என்னிடம் மூன்று மரக் கப்பல் படம் ஒன்று...

கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். கடைசி மரம்.

சென்னை வாசகர் மீண்டும்: கொலம்பஸுக்குப் பின்காற்று கிடைத்தது, அதனால் மாற்றினார். இது என் கட்சிக்குத்தானே சாட்சி?

என் கட்சிக்கு. பெருங்கடலில் எந்தக் காற்று எங்கே வீசும் என்று தெரிந்துகொண்டு, அதைத் தேடிப் போவதுதான் மாலுமியின் தொழில். எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்பது அல்ல. தவிரவும், குறுக்குப்பாய் எதிர்க்காற்றில் போகவே போகாது என்பது தவறு. காற்று வரும் திசைக்குச் சுமார் 65 பாகை வரை நெருங்கும். வளைந்து வளைந்து முன்னேறலாம். மெதுவாகத்தான், ஆனால் முன்னேறும்.

சென்னை வாசகர், விடுவதாக இல்லை: அப்படியானால் ஸ்கூனர் எதற்கு?

இப்போது சரியான கேள்வி கேட்டீர்கள். கூலிக்காக! நீளப்பாயைத் தளத்தில் நின்றபடியே ஏற்றி இறக்கலாம். பருமலுக்கு ஆள் ஏற வேண்டாம். 1902இல் அமெரிக்காவில் கட்டிய 'தாமஸ் டபிள்யூ. லாசன்' ஸ்கூனருக்கு ஏழு மரங்கள். நீராவிப் பொறி பாயை இழுத்ததால் பதினெட்டுப் பேர் போதும். ஆனால் திருப்புவதற்குச் சண்டித்தனம் செய்யும். 1907 டிசம்பரில் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளருகே புயலில் அழிந்தது. அதே 1902இல் ஜெர்மனியில் பிறந்தது 'பிராய்சன்': ஐந்து மரங்கள், மரத்துக்கு ஆறாக முப்பது குறுக்குப்பாய்கள். நாற்பத்துச் சொச்சம் பேர் அதை ஓட்டினார்கள். 1910இல் ஆங்கிலக் கால்வாயில் ஒரு நீராவிக் கப்பல், பாய்க்கப்பல்தானே என்று வேகத்தைக் குறைத்து மதிப்பிட்டுக் குறுக்கே போய் மோதியது. பிராய்சன் டோவர் பாறைகளில் முடிந்தது. பார்க், ஸ்கூனருக்கும் முழுப்பாய்க் கப்பலுக்கும் நடுவழி. குறுக்குப்பாயின் இழுவை பெரிதாகக் குறையாது, ஆள் குறையும். அதனால்தான் பாய்க்கப்பல் காலத்தின் கடைசியில் சரக்குக் கப்பல்களுள் நான்கு மரப் பார்க் அத்தனை பெருகியது.

நெல்லை வாசகர்: நான்கு மரங்கள் இருந்தால் என்ன வகை?

கடைசி மரம், நண்பரே, கடைசி மரம்.

புதுச்சேரி வாசகி: எது மிக அழகு? உங்கள் கருத்தாகவே சொல்லுங்கள்.

பாய் முழுதும் விரித்த நான்கு மரப் பார்க். குறுக்குப்பாய்கள் கோபுர நிலைகள்போல் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். அது அலங்காரத்துக்கு அல்ல. உயரத்தில் பெரிய பாய் இருந்தால் கப்பல் சாயும், மெலிந்த மரநுனியும் முறியும். முழுப்பாய்க் கப்பலில் இந்த அடுக்கு கடைசி மரம்வரை ஒரே சீராகப் போகிறது. எனக்கு அது சற்று அலுக்கும். பார்க்கில் கடைசி மரம் மட்டும் குறுக்குப்பாய் இல்லாமல் நிற்பது கண்ணுக்கு இளைப்பாறல். மறுப்பவர்கள் மறுக்கலாம், சென்னை வாசகர் நீங்கலாக.

கொச்சி வாசகர்: இந்தியாவில் இவை உண்டா?

கடற்படைப் பயிற்சிக் கப்பல் 'தரங்கிணி', கோவாவில் கட்டியது, 1997இல் பணியில் சேர்ந்தது. 2003-04இல் உலகைச் சுற்றிவந்தது. 2012இல் 'சுதர்ஷினி' சேர்ந்தது. இரண்டும் மூன்று மரப் பார்க். உங்கள் ஊர்தான் தளம்.

ஈரோடு வாசகர்: கட்டி சார்க்கின் மரமாதிரி செய்யப் போகிறேன். இதுவே முதல் முயற்சி. அறிவுரை உண்டா?

இரண்டு மர ஸ்கூனரில் தொடங்குங்கள். கட்டி சார்க்கின் கயிறுகள் மொத்தம் ஏறத்தாழ 17 கிலோமீட்டர். மாதிரியில் நீளத்தைச் சுருக்கலாம், முடிச்சுகளைச் சுருக்க முடியாது.