ராஜஸ்தான் குதிரை மதுரை வெயிலைத் தாங்குமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நானும் மச்சானும் சேர்ந்து ராஜஸ்தானில் ஒரு மார்வாரிப் பெண்குதிரைக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். நான்கு வயது. ஜனவரியில் ஏற்றினால் இரண்டு டிரைவர் போட்டு, நிறுத்தாமல் மூன்று நாளில் கொண்டுவந்து விடுவதாக லாரிக்காரர் சொல்கிறார். நம் ஊர் வெயிலை அது தாங்குமா? தாங்காது என்றால் ஏப்ரல், மே மாதங்களில் கொடைக்கானல் சொந்தக்காரரிடம் விட்டுவைக்கலாமா? வீட்டில் மாடு இருப்பதால் வைக்கோலுக்கும் நேப்பியர் புல்லுக்கும் பஞ்சமில்லை."

எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு உங்கள் லாரிக்காரரின் மூன்று நாள் கணக்குதான் உறுத்துகிறது. ஆனாலும் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

பார்மர், ஜெய்சல்மர் பக்கம் மே மாதத்தில் 45 டிகிரியைத் தாண்டும். அந்த மண்ணில் வளர்ந்த குதிரை நம் ஊர் 39, 40 டிகிரிக்கு மிரளாது. அதைச் சிரமப்படுத்துவது நம் காற்றில் இருக்கும் ஈரம். குதிரையும் நம்மைப் போல வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. வியர்வை காய்ந்தால்தான் சூடு இறங்கும். பாலைவனக் காற்றில் அது உடனே காய்ந்துவிடும். இங்கே ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு நாள் வெயிலடித்தால், வியர்வை வயிற்றடியில் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்புச் சூடு குறையாது.

குதிரைக்காரர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. அன்றைய வெப்பத்தை பாரன்ஹீட்டில் எடுத்து, அதோடு காற்றின் ஈரப்பத சதவீதத்தைக் கூட்டுங்கள். இரண்டும் செல்போனிலேயே கிடைக்கும். 130க்குள் இருந்தால் கவலையில்லை. 150ஐத் தாண்டினால் வேலையைக் குறைக்க வேண்டும். 180ஐத் தொட்டால் அன்றைக்கு ஓட்டவே வேண்டாம். மே மாத மத்தியானம் 102 டிகிரி, ஈரப்பதம் 35 என்று வையுங்கள்: 137. மழை விட்ட ஐப்பசிச் சாயங்காலம் 84 டிகிரி, ஈரப்பதம் 85: 169. நமக்குக் குளுகுளுவென்று தெரியும் அந்தச் சாயங்காலம்தான் ஓடுகிற குதிரைக்குக் கஷ்டம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், நேர்வெயிலின் சூடு இந்தக் கணக்கில் சேராது. கூட்டுத்தொகை குறைவாக வந்ததே என்று உச்சிவேளையில் சேணம் கட்டாதீர்கள்.

ஈரமும் சூடும் சேர்ந்த ஊருக்கு வந்த சில குதிரைகளுக்கு வியர்ப்பதே குறைந்து, நின்றும் போகும். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியா வந்த பந்தயக் குதிரைகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். நன்றாக ஓடி வந்த பிறகு மேல்தோல் காய்ந்து, மூச்சு மட்டும் வெகுநேரம் இரைத்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

புதிய ஊர்ச் சூட்டுக்கு உடம்பு பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த வகையில் ஜனவரி நல்ல தேர்வு. வெயில் ஏறுவதற்குள் பிப்ரவரி முழுக்கக் கையில் இருக்கும். வரும்போது குளிர்கால ரோமத்தோடு வரும். ரோமம் வளர்வதையும் உதிர்வதையும் பெரும்பாலும் பகல் பொழுதின் நீளம் முடிவு செய்கிறது, மதுரைச் சூட்டைக் கண்டதும் ஒரே நாளில் கொட்டிவிடாது. தினமும் தேய்த்துவிடுங்கள். ரொம்ப அடர்த்தியாக இருந்தால் கத்தரித்து விடலாம்.

சரி, லாரிக்கு வருவோம். மேய்கிற குதிரை நாளின் பெரும்பகுதி தலையைத் தரையில் வைத்திருக்கும். மூச்சுக்குழலில் சேரும் தூசியும் சளியும் அப்போதுதான் வடிந்து வெளியே வரும். லாரியில் தலையைத் தூக்கிக் கட்டி மணிக்கணக்கில் நிறுத்தினால் அந்த அழுக்கும் கிருமியும் நுரையீரலுக்குள் இறங்கும். வந்து சேர்ந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காய்ச்சல் அடித்து, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டுவது இப்படித்தான். தூரப் பயணத்தில் குதிரைகளைக் கொல்வதில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு. 12 மணி நேரத்துக்கு மேல் ஒரே நிற்பில் வந்தால் ஆபத்து கூடிக்கொண்டே போகும். உங்கள் லாரிக்காரர் சொல்வது மூன்று நாள்!

ஆகவே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கயிற்றைத் தளர்த்தி, அரைமணி நேரமாவது தலையைத் தரைவரை இறக்க விடவேண்டும். தீனியைக் கீழே போட்டால் தானாகக் குனியும். ராத்திரி கட்டாயம் இறக்கி எட்டு மணி நேரம் ஓய்வு. 2000 கிலோமீட்டருக்கு மேல் உள்ள இந்தப் பாதைக்கு இப்படி ஐந்தாறு நாள் பிடிக்கும், வாடகையும் கூடும். ஒப்புக்கொள்ளாத லாரிக்காரரை மாற்றுங்கள்.

ஊர் மாறினால் தண்ணீர் ருசி மாறும். சில குதிரைகள் முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் நிற்கும், அதிலேயே குடல் அடைத்துச் சூலை வரும். கிளம்ப நாலைந்து நாள் முன்பே தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் பழக்கச் சொல்லுங்கள். வழியில் எந்த ஊர்த் தண்ணீரிலும் அதே வாசனை இருந்தால் குடித்துவிடும். போர்வையிலும் கவனம் வேண்டும். ராஜஸ்தானில் ஜனவரி ராத்திரி நடுங்க வைக்கும், ஓசூர் தாண்டி சேலம் பக்கம் இறங்கினால் மத்தியானம் சுடும். அங்கே போர்த்திய கம்பளியை இங்கே எடுக்க மறக்கிறவர்கள் நிறைய.

காகிதமும் முக்கியம். 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி கால்நடை மருத்துவரின் சான்று இல்லாமல் குதிரையை ஏற்றக்கூடாது. அதைவிட நான் வலியுறுத்துவது கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை. மனிதருக்கும் தொற்றும் நோய் அது. உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வேறு வழியில்லை. ஹரியானா ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இந்தச் சோதனையைச் செய்கிறது. முடிவு கைக்கு வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வாங்கும்போது பரி, வீடு வந்ததும் நரி என்ற கதையை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வந்ததும் ஒரு வாரம் காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 99 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட் வரை சரி. அதைத் தாண்டினாலோ, இருமினாலோ, தீனி எடுக்காவிட்டாலோ அன்றைக்கே டாக்டர். பக்கத்தில் வேறு குதிரை இருந்தால் மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள். தனுர்வாத ஊசி போட்டிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், குதிரைக்கு அந்த நோய் எளிதில் வரும்.

கொடைக்கானல் வேண்டாம். அங்கே ஏறுவதில் சிக்கல் குறைவு. ஜூனில் இறங்கும்போது, மார்ச்சுக்குள் அது கஷ்டப்பட்டுப் பழகிய சூட்டுத் தாங்கும் சக்தி பெருமளவு போயிருக்கும், மறுபடி முதலிலிருந்து. அப்புறம் சீசன் நேரத்தில் ஏரியைச் சுற்றிச் சவாரிக்கு அனுப்பாமல் வைத்திருப்பார் என்று எந்த நம்பிக்கையில் விடுவீர்கள்?

அந்தச் செலவைக் கொட்டிலில் போடுங்கள். உயரமான கூரை, தகரமானால் மேலே கிடுகு, நாலு பக்கமும் காற்று, ஒரு மின்விசிறி. கோடையில் நாளைக்கு 40, 50 லிட்டர் தண்ணீர் குடிக்கும். குதிரை வியர்வையில் உப்பு நிறையப் போகும், நக்குவதற்கு ஒரு இந்துப்புக் கட்டி தொங்கவிடுங்கள். சூடேறிய உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். தயங்காமல் உடம்பு முழுக்க ஊற்றுங்கள், மூச்சு தணியும்வரை ஊற்றுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி வைப்பதுதான் தப்பு, அது சூட்டை அடைத்துவிடும்.

கடைசியாகத் தீனி. பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து வாங்கிய குதிரைகளுக்கு இங்கே வேகவைத்த சோறும் கறியும் போட்டார்கள், அவை செத்துக்கொண்டே இருந்தன என்று எழுதியிருக்கிறார். நாம் கறி போடமாட்டோம். ஆனால் மாட்டுக்குப் போடுவதை அப்படியே போடுவோம். மாட்டின் இரைப்பை வேறு, குதிரையின் குடல் வேறு. குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. அது அங்கே தின்ற தீனியில் பத்து நாளைக்கு வேண்டியதை லாரியிலேயே ஏற்றிவரச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக நம் தீனியைக் கலந்து மாற்றுங்கள். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. கூடவே கோதுமைத் தவிடும் அதிகமானால் எலும்பு வலுவிழந்து முகம் வீங்கும். அதனால் நேப்பியர் துணைக்கு மட்டும். குதிரைமசாலும் உலர்ந்த புல்லும் பிரதானமாக இருக்கட்டும், கொள்ளு அளவோடு. பூஞ்சை பிடித்த வைக்கோலைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

வீட்டில் கோழியும் வளர்த்தால் அந்தத் தீவன மூட்டையை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். சில கோழித் தீவனங்களிலும் மாட்டுத் தீவனங்களிலும் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். தீவனம் வாங்கும்போது மூட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.